குணநாயகத்தின் முதலெழுத்து

பெயர் கூப்பிடுவதில் ஜெயமலரை மிஞ்ச அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆளில்லை. ரொறன்ரோவின் வோபர்னில், மார்க்கம் வீதியோரமாக ஒரு பிளாசாவுக்குள் இருக்கிற நிலையம் அது. காலையில் கதவு திறக்க முன்னரே வெளியில் சனம் நிற்கும். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குக் கோபம் வேறு கெதியில் வரும். ஜெயமலர் முன்மேசையில் இருந்து, கணினித் திரையில் வரும் பெயரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். சோமாலியர், பிலிப்பீனர், குஜராத்திகள், ஆப்கானியர் என்று உலகத்துப் பெயரெல்லாம் அவளுடைய வாயால் வந்து போகும். கூட வேலை செய்யும் பெண்கள் நீளப் பெயரைக் கண்டால் முதற்பெயரை மட்டும் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். ஜெயமலர் அப்படிச் செய்வதில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தொழிற்சாலை மேற்பார்வையாளன் ஒருவன் அவளை "ஜேஜே" என்றே கூப்பிட்டு, கடைசிவரை முழுப் பெயரைச் சொல்லாமல் விட்டான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வயது ஐம்பத்தெட்டு. மல்வேர்னில் டவுன்ஹவுஸ். கணவர் பத்மநாதன் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் அட்சயா படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். முழங்கால் வலியைத் தவிர தன் வாழ்க்கையில் இனிப் புதிதாக எதுவும் வரப்போவதில்லை என்ற நினைப்போடுதான் அந்த ஒக்ரோபர் காலையும் அவள் கதிரையில் வந்து இருந்தாள்.

நாலைந்து பேரை அனுப்பியான பிறகு திரையில் அடுத்த பெயர் வந்தது. முதற்பெயர் உலியானா. குடும்பப் பெயரை வாசிக்கப்போனவள் நின்றுவிட்டாள். எச், யூ, என், ஏ, என், ஏ, ஐ, ஏ, எச், ஏ, எம். வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். ஹுனநையஹம். இது எந்த நாட்டுப் பெயர்? இரண்டாம் தரம் சொன்னபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. முதல் எழுத்து எச் அல்ல, ஜீயாக இருக்க வேண்டும். குணநாயகம்! யாரோ நம்முடைய ஆட்களின் பெயரை அலங்கோலப்படுத்தித் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள்.

குணநாயகம் அவளுடைய அப்பாவின் பெயர். ஆனால் ரொறன்ரோவில் எத்தனையோ குணநாயகங்கள் இருக்கிறார்கள். உலியானா என்பதும் அவளுக்குப் புதுமையாகப் படவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்களுடைய சனம் வைக்காத பெயரா? தட்டச்சுக்காரர் கெடுத்ததை நானாவது ஒழுங்காகச் சொல்வோம் என்று குரலை உயர்த்தி, தமிழில் எப்படி உச்சரிக்க வேண்டுமோ அப்படியே கூப்பிட்டாள்.

"உலியானா குணநாயகம்!"

சுவரோரக் கதிரையில் இருந்து ஒரு வெள்ளைப் பிள்ளை எழுந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மண்ணிறத் தலைமுடி, கோதுமை நிறம். எழுந்த பிள்ளை மேசைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜெயமலரையே பார்த்தது.

"நீங்கள் இப்போது என்ன சொன்னீர்கள்?" என்று பழக்கமில்லாத உச்சரிப்போடு ஆங்கிலத்தில் கேட்டாள். "தயவுசெய்து இன்னொருதரம் சொல்லுங்கள்."

ஜெயமலர் சொன்னாள். குணநாயகம்.

அந்தப் பிள்ளையின் கண்கள் நிரம்பிவிட்டன. "எங்கள் நாட்டில் ஒருவருமே இதை இப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, அம்மாகூட இல்லை. என் அப்பா மட்டும்தான் இப்படிச் சொல்லுவார்."

நோயாளிகளின் சொந்த விடயங்களைத் தோண்டக் கூடாது என்று வருடா வருடம் அவளுக்கு வகுப்பு வைப்பார்கள். அது நினைவுக்கு வர முன்னர் கேள்வி வாயை விட்டு வெளியே வந்துவிட்டது.

"உம்முடைய அப்பாவின் பெயர் என்ன?"

"ஜனார்த்தன். இலங்கையர்."

ஜெயமலருக்குக் காது இரண்டும் அடைத்துப்போயின. எழும்ப முயன்றதும், கதிரை பின்னால் விழுந்ததும், மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்ததும் மற்றவர்கள் சொல்லித்தான் பிறகு தெரியும். மேலாளர் ஓடிவந்து அவளைக் கையுறைப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் கொண்டுபோய் இருத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு நடந்ததை விசாரித்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போங்கள், மற்றதை நாளைக்குக் கதைப்போம் என்றாள். ஜெயமலர் மேலங்கியை மாட்டினாள்.

ஜனார்த்தன் அவளுடைய ஒரே தம்பி. தொண்ணூற்றேழாம் ஆண்டின் கடைசியில் கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு விமானம் ஏறியவன். அங்கிருந்து ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர்கள் லொறியில் உக்ரேனுக்குக் கொண்டுபோனார்கள். மலை தாண்டி ஸ்லோவாக்கியா, அதற்கப்பால் ஜேர்மனி, ஜேர்மனியிலிருந்து எப்படியாவது அக்காவிடம் கனடாவுக்கு. அதுதான் திட்டம். கடைசியாக ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, நாளைக்கு நடக்கப் போறம். இஞ்சை சரியான பனி. நீ பயப்பிடாதை" என்றான். அதற்குப் பிறகு சத்தமில்லை. கூடப் போனவர்களில் கஜீவன் என்பவன் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்து, சில மாதங்கள் கழித்து அழைத்தான். பனிக்குள் ஜனார்த்தன் விழுந்துவிட்டான், முடிஞ்சுது அக்கா என்றான். காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுக்கும் ஓர் அமைப்புக்கும் ஜெயமலர் எழுதினாள். உக்ரேனில் குணநாயகம் என்ற பெயரில், ஜீயில் தொடங்கும் அந்தப் பெயரில், எவரும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்தியேட்டிச் சடங்கு செய்தார்கள். மார்கழி தோறும் திதி கொடுத்தார்கள். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த அம்மா மகனுடைய பெயரைச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினாள்.

வெளியே வந்தபோது உலியானா வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கையில் பஞ்சும் பிளாஸ்ரரும் அப்படியே இருந்தன. இருவரும் பக்கத்துக் கோப்பிக் கடைக்குப் போய் எதிரெதிரே இருந்தார்கள். ஜெயமலர் முதலில் தன்னுடைய பெயரைச் சொன்னாள். அப்பாவின் பெயர் குணநாயகம், தம்பியின் பெயர் ஜனார்த்தன் என்றாள். அந்தப் பிள்ளை கோப்பையைத் தொடவேயில்லை.

"அவன் உயிரோடை..." என்று ஜெயமலர் தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். "உன் அப்பா இருக்கிறாரா?"

உலியானா இல்லை என்று தலையை ஆட்டினாள். "எனக்கு ஆறு வயதில் இறந்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டிய வருத்தம். அந்தப் பனியிலிருந்து அவருக்கு நெஞ்சு சரியாகவே இல்லை என்று அம்மா சொல்லுவாள்."

ஆறு வயதில். ஜெயமலர் மனதுக்குள் கணக்குப் போட முயன்றாள். இலக்கங்கள் நிற்க மறுத்தன. இங்கே ஐயர் மந்திரம் சொல்லிப் பிண்டம் கரைத்த நாளில் தம்பி உயிரோடு இருந்திருக்கிறான். அட்சயா பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோதும் இருந்திருக்கிறான். அவள் அழுதுகொண்டு விளக்கு வைத்த மார்கழிகளில் பத்தளவில், அவன் எங்கேயோ மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறான். செத்தவன் பிழைத்தான் என்று மகிழவும் இடமில்லை. ஒரே கோப்பிக் கடையில், ஒரே காலையில், தம்பி எழும்பி வந்து மறுபடியும் செத்துப்போனான். அவளுக்கு அழுகை வரவில்லை. பற்கள்தான் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

மீதியை அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த அளவில் சொன்னாள். மலையடிவாரக் கிராமத்தார் அவனைப் பனியிலிருந்து எடுத்தார்கள். கால்விரல்கள் கறுத்துவிட்டன, வைத்தியசாலையில் வெட்டவேண்டி வந்தது. அந்த வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்த ஹலினா என்ற பெண்தான் அவனைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கல்யாணம் முடித்து, அவளுடைய சொந்த ஊரான ஹெர்சோனுக்குக் கூட்டிப்போனாள். அக்காவின் போன் இலக்கம் இருந்த பையை மலைப் பனிக்குள்ளேயே பறிகொடுத்திருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விலாசமான, ஊரில் இருந்த மயிலிட்டி வீட்டுக்குத்தான் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தானாம். மயிலிட்டியோ இராணுவ வலயம். அங்கே கடிதம் வாங்க நாய்கூட இல்லை. உக்ரேனில் போர் தொடங்கியதும் உலியானா மட்டும் கனடாவுக்கு வந்தாள். கனடாவில் அப்பாவின் அக்கா இருக்கிறாள் என்ற ஒரு சொல்தான் அவளுக்குத் தெரியும்.

"இன்ரநெற்றில் எவ்வளவு தேடினேன் தெரியுமா? ஹுனநையஹம் என்று உலகத்தில் ஒரு மனிதரும் இல்லை. நானும் அம்மாவும் மட்டும்தான்."

வீட்டில் பத்மநாதன் கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மலர், நீர் உடனை உருகிப்போகாதையும். ஆரோ விளையாடுகினம். ஜீ எங்கை, எச் எங்கை? குணநாயகத்தை ஹுன எண்டு ஆராவது எழுதுவினமே?"

"அவள் என்னைத் தேடி வரேல்லையப்பா. நான்தான் அவளைக் கூப்பிட்டனான்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றார் அவர். அன்றைக்கு அவர் தேநீரைக்கூட முழுவதும் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உலியானா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பனி மூடிய முற்றம், காதை மூடும் தொப்பி, தோளில் சின்னப் பிள்ளை. தொப்பிக்குக் கீழே ஜனார்த்தன் சிரித்தான். மேல்வரிசைப் பல்லில் அதே இடைவெளி. பத்மநாதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சோபாவில் இருந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னர் அவருக்கும் மைத்துனனுக்கும் நல்ல பழக்கம். இருவரும் ஒன்றாகப் பந்து அடித்தவர்கள்.

"பட் வை எச்?" என்று அட்சயாதான் கேட்டாள். "அதுதான் எனக்கு இன்னும் மேக் சென்ஸ் பண்ணேல்லை."

உலியானா ஒரு தாள் கேட்டு வாங்கி, பெரிதாக ஓர் எழுத்து வரைந்தாள். Г. நிமிர்ந்த ஒரு கம்பம், அதன் உச்சியில் வலப்பக்கம் நீட்டிய ஒரு கை. ஜெயமலருக்கு அது தூக்குமரம் போலத் தெரிந்தது.

"இது கிரேக்க எழுத்து காமாவிலிருந்து வந்தது. ரஷ்யர்கள் இதைப் பார்த்தால் 'குணநாயகம்' என்னும்போது அப்பா சொல்லும் அந்த முதல் சத்தத்தைச் சொல்லுவார்கள். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்கு இது தொண்டையிலிருந்து வரும் மூச்சு. ஹ. என் அம்மா ஹலினா. ரஷ்யர்கள் அவளைக் கலினா என்பார்கள். எழுதுவது ஒரே எழுத்துத்தான்."

"அப்ப உங்களுக்கு அந்தச் சத்தமே இல்லையோ?" என்றார் பத்மநாதன். அட்சயா ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டாள்.

"இருக்கிறது." உலியானா பக்கத்தில் இன்னொன்று வரைந்தாள். Ґ. அதே கம்பம், அதே கை. ஆனால் கையின் நுனி மேல்நோக்கிச் சற்று நிமிர்ந்திருந்தது. "நாலு நூற்றாண்டுக்கு முன்னமே ஓர் இலக்கண நூலில் இந்த எழுத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஸ்டாலின் காலத்தில் அரிச்சுவடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரஷ்ய மொழியில் இல்லாத எழுத்து உங்களுக்கு எதற்கு என்றார்கள். தொண்ணூறாம் ஆண்டுதான் திரும்பி வந்தது. வந்தாலும் ஒரு தலைமுறைக்கு அதை எழுதப் பழக்கமில்லை. வெளிநாட்டுப் பெயர் என்றால் பழைய வழக்கப்படி முதலாவதையே போடுவார்கள். அப்பாவுக்குப் பத்திரம் எழுதினவரும் அதைத்தான் போட்டிருக்கிறார். பிறகு எனக்குக் கடவுச்சீட்டு எடுத்தபோது கணினி அதை ஆங்கிலத்தில் எச் ஆக்கியது. முதலெழுத்தையும் மாற்றியது, நடுவில் இருந்ததையும் மாற்றியது."

ஜெயமலர் இரண்டு எழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வித்தியாசம் ஒரு நகக்கீறல் அளவு. அவள் ஜீயைப் பிடித்துக்கொண்டு தேடினாள். இந்தப் பிள்ளை எச்சைப் பிடித்துக்கொண்டு தேடியது. இரண்டு பேரும் ஒரே மனிதனைத் தேடி, ஒருவரை ஒருவர் காணாமல் கடந்துபோயிருக்கிறார்கள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"முன்னொரு காலத்தில் எங்கள் எழுத்துகளுக்குப் பெயர்கள் இருந்தன" என்றாள் உலியானா, அவளைத் தேற்றுவது போல. "இந்த எழுத்தின் பழைய பெயருக்கு 'பேசு' என்று அர்த்தம்."

ஜெயமலர் தாளைத் தன் பக்கம் இழுத்து, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

பிறகு உலியானா தாயை வீடியோவில் அழைத்தாள். ஹலினா ஹெர்சோனை விட்டு வெளியேறி, மேற்கே தமக்கை வீட்டில் இருந்தாள். திரையில் ஒடுங்கிய முகம், நரைத்த பின்னல். ஜெயமலர் கைகூப்பினாள். ஹலினா திரும்பக் கும்பிடவில்லை. சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் படபடவென்று எதையோ சொன்னாள். குரல் ஏறிக்கொண்டே போனது. உலியானா மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"என்ன சொல்லுறா? சொல்லு பிள்ளை."

"'பத்து வருடம் உன்னுடைய தம்பி யன்னலோரம் இருந்தான். தபால்காரன் வந்தால் நொண்டி நொண்டி ஓடினான். ஏன் நீங்கள் தேடவில்லை? யார் சொன்னது அவன் செத்துவிட்டான் என்று?' என்று கேட்கிறாள்."

கன்னத்தில் அறை விழுந்தது போல ஜெயமலர் பின்னால் சாய்ந்தாள். தேடினேன் என்று தமிழிலேயே சொன்னாள். உலியானாதான் தாளில் இருந்த இரண்டு எழுத்துகளையும் திரைக்கு முன்னால் பிடித்துத் தாய்க்கு நீண்ட நேரம் விளக்கினாள். ஹலினா இடையில் பேசாமல் கேட்டாள். கேட்டு முடிந்ததும் தலையில் கை வைத்தாள். இனி அவளுக்கும் கோபிக்க ஆள் இல்லை. இரண்டு பெண்களும் திரையின் இரு பக்கத்திலும் இருந்து, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், அழுதார்கள்.

ஆனால் ஹலினா கேட்ட கடைசிக் கேள்வி ஜெயமலரை விடவில்லை. அடுத்த நாளே ஜேர்மனிக்குப் போன் எடுத்தாள்.

"கஜீவன், ஒண்டு கேக்கிறன். ஜனா செத்ததை நீர் கண்ணாலை கண்டனீரோ?"

மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

"இல்லை அக்கா. விழுந்ததைக் கண்டனான். எழும்பேல்லை. நிண்டால் எல்லாரும் சாவியள், நடவுங்கோ எண்டு ஏஜென்சிக்காரன் கத்தினவன். அந்தக் குளிருக்குள்ளை ஒருத்தரும் தப்பேலாது எண்டு நினைச்சிட்டன். ஏன் அக்கா இப்ப?"

"அவன் தப்பினவன்" என்றாள் ஜெயமலர். "பத்து வருசம் இருந்தவன். பொம்பிளைப் பிள்ளை ஒண்டு இருக்கு."

கஜீவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டது கேட்டது. அவள் போனை மேசையில் வைத்துவிட்டாள். அவன் மீது கோபப்பட முடியுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. முடியவில்லை. அதற்குள் போனில் அழுகைச் சத்தம்.

வேலையிடத்தில் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். நோயாளியிடம் கேட்கக் கூடாததைக் கேட்டது குற்றம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பின்னறையில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். பெயர் கூப்பிடும் வேலை போனது அவளுக்குக் கவலைதான். என்றாலும் அதைப் பற்றி வீட்டில் ஒருவரிடமும் முறையிடவில்லை.

உலியானா மோர்னிங்சைட்டில் வேறு இரண்டு பெண்களோடு அறை எடுத்து இருந்தவள், கிறிஸ்மசுக்கு முன்னர் மல்வேர்னுக்கு மாறினாள். அட்சயாவோடு ஆங்கிலத்தில் விடிய விடியக் கதைப்பாள். ஜெயமலரை முதலில் அன்ரி என்றாள். பத்மநாதன் அது பிழை, மாமி என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினார். அவளுடைய சிரிப்புச் சத்தம் குசினியிலிருந்து கேட்கும்போதெல்லாம் ஜெயமலர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திடுக்கம் மட்டும் மாதங்கள் போயும் குறையவில்லை.

ஒருநாள் ஜெயமலர் சொன்னாள்: "இஞ்சை பெயர் மாத்திறது லேசு பிள்ளை. ஜீ போட்டு எழுதிவிடுவம். தாத்தாவின்ரை பெயர் ஒழுங்கா வரட்டும்."

உலியானா யோசித்தாள். "வேண்டாம் மாமி. அப்பாவின் கல்லறைக் கல்லில் இருப்பது இந்த எழுத்துத்தான். அந்த மயானத்துக்குப் பக்கத்தில் இப்போது குண்டு விழுகிறது. அம்மாகூடப் போக முடியாது. கல் உடைந்துபோனால், அந்தப் பெயர் என்னிடம் மட்டும்தான் இருக்கும்."

அதன் பிறகு அந்தப் பேச்சை ஜெயமலர் எடுக்கவில்லை.

திதியைத்தான் மாற்றினார்கள். மார்கழித் திதியை நிறுத்தி, ஹலினா சொன்ன இறந்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, வைகாசியில் வைத்தார்கள். உயிரோடு இருந்தவனுக்குக் கொடுத்த பிண்டமெல்லாம் என்ன ஆகும் என்று ஜெயமலர் ஐயரைக் கேட்டாள். அவர் தனக்கு இப்படி ஒரு கேள்வி இதுவரை வந்ததில்லை என்றார். ஆண்பிள்ளை இல்லையா, அண்ணன் தம்பி வழியில் பெறாமகன் முறையில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்.

"மகள் இருக்கிறாள். அவள் செய்யட்டும்" என்றார் பத்மநாதன்.

உலியானா அட்சயாவின் பாவாடை தாவணியை உடுத்து, சம்மணம் கட்டத் தெரியாமல் ஒரு பக்கமாக இருந்தாள். மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும் என்றார் ஐயர். அப்பா ஜனார்த்தன் என்றாள். தாத்தா குணநாயகம் என்றாள், அப்பா சொன்ன மாதிரியே. மூன்றாவது அவளுக்குத் தெரியாது. திரும்பி ஜெயமலரைப் பார்த்தாள்.

"கணபதிப்பிள்ளை" என்றாள் ஜெயமலர்.

"அதுவும் ஜீயா, மாமி?"

"இல்லைப் பிள்ளை. அதை நாங்கள் கே போட்டுத்தான் எழுதுறனாங்கள்."

"ஆனால் தமிழில்?"

ஜெயமலர் யோசித்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு இது தோன்றியதேயில்லை. குணநாயகத்தின் முதலில் வருவதும் அதுதான், நடுவில் வருவதும் அதுதான், கணபதிப்பிள்ளையில் வருவதும் அதுதான்.

"தமிழிலை எல்லாம் ஒரே எழுத்துத்தான்" என்றாள். "க."

உலியானாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, திதி என்றும் பாராமல், சிரித்துவிட்டாள். ஐயர் தருப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.